பகிர்தல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள்

என் நண்பர் ஒருவரின் மாமனாருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓ நெகட்டிவ் இரத்தம் இரண்டு யூனிட் தேவைப்பட்டது. நண்பர் தன் கைபேசி எண்ணோடு ஒரு செய்தியை எழுதி மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார். மாலைக்குள் இரத்தம் கிடைத்துவிட்டது. 'கிடைத்துவிட்டது, அனைவருக்கும் நன்றி' என்று எழுதிவிட்டு, மூன்று குழுக்களிலும் தன் பழைய செய்தியை மறக்காமல் அழித்தார். எட்டு மாதம் கழித்து, ஒரு விடியற்காலையில், கோயம்புத்தூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அழைத்து, "சார், பிளட் இன்னும் வேணுமா? நான் கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டார். அந்த வாரத்தில் மட்டும் அப்படிப் பதினோரு அழைப்புகள் வந்தன.

"நான்தான் அன்றைக்கே அழித்துவிட்டேனே" என்பது நண்பரின் ஆதங்கம். சமூக ஊடகங்களில் பகிர்வதைப் பற்றிப் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் தவறான படம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. 'ஷேர் பண்ணினேன்' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லும் செயல், உள்ளே போய்ப் பார்த்தால், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று வேலைகள். எந்த வேலையைச் செய்தோம் என்று தெரிந்தால்தான், அழித்தால் அழியுமா, திருத்தினால் திருந்துமா, யார் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

அத்தையின் ரசப்பொடி நோட்டு

இணையத்தைச் சற்று மறந்துவிடுவோம். உங்கள் அத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ரசப்பொடிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் குறிப்பைக் கேட்கிறார். நீங்கள் மூன்று விதமாக உதவலாம்.

முதலாவது, "அத்தை வீட்டுக்குப் போங்கள், சமையலறை அலமாரியில் நீல அட்டை நோட்டு இருக்கும், பன்னிரண்டாம் பக்கம்" என்று வழி சொல்லலாம். குறிப்பு உங்கள் கையில் இல்லை. இருக்கும் இடத்தை மட்டும் சுட்டுகிறீர்கள். இரண்டாவது, அத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே நீங்கள் குடியிருந்தால், உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து, "அதோ, விரித்து வைத்திருக்கிறார் பாருங்கள்" என்று அவருடைய நோட்டையே காட்டலாம். ஜன்னல் உங்களுடையது; அதன் வழியே தெரியும் பக்கம் அத்தையுடையது. மூன்றாவது, ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரு படி எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம்.

ஒரு நாள் அத்தை, 'பெருங்காயம் ஒரு கரண்டி' என்று எழுதியது தவறு, அரைக் கரண்டிதான் என்று கண்டு நோட்டில் அடித்துத் திருத்துகிறார். வழி கேட்டுப் போனவருக்கும் ஜன்னல் வழியே பார்த்தவருக்கும் திருத்தம் தானாகவே தெரியும். ஜெராக்ஸ் வாங்கிப் போனவர் வீட்டு ரசம் மட்டும் ஒரு கரண்டிப் பெருங்காயத்தோடு தொடரும். அவரிடமிருந்து இன்னும் நான்கு பேர் ஜெராக்ஸ் எடுத்திருந்தால், அந்த நான்கு வீடுகளுக்கும் அத்தையால் போய்ச் சொல்ல முடியாது. அப்படி நான்கு வீடுகள் இருக்கின்றன என்பதே அவருக்குத் தெரியாது.

சுட்டுதல், காட்டுதல், படியெடுத்தல். இந்த மூன்று சொற்களையும் கட்டுரை முடியும்வரை வைத்துக்கொள்வோம். ஒரு பதிவின் முகவரியை அனுப்புவது சுட்டுதல். ட்விட்டராக இருந்து பெயர் மாறிய எக்ஸ் தளத்தின் மறுபதிவும் (பழைய வழக்கில் ரீட்வீட் அல்லது ஆர்டி), ஃபேஸ்புக்கின் ஷேர் பொத்தானும் காட்டுதல். வாட்ஸ்அப் ஃபார்வர்டு, ஸ்கிரீன்ஷாட், காப்பி-பேஸ்ட் ஆகியவை படியெடுத்தல்.

ரீட்வீட் பொத்தானை அழுத்தும்போது நடப்பது

நீங்கள் இடும் ஒவ்வொரு பதிவும் அந்தத் தளத்தின் வழங்கியில் சேமிக்கப்படுகிறது. வழங்கி என்பது, கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்காக இரவும் பகலும் இயங்கும் ஒரு கணினி. பேச்சில் சர்வர் என்கிறோம். அங்கே உங்கள் பதிவுக்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண் கோடிக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே அதற்கு மட்டுமே உரியது. எக்ஸ் தளத்தில் ஏதேனும் ஒரு பதிவின் முகவரியைப் பார்த்தால் கடைசியில் நீண்ட எண் ஒன்று இருக்கும், அதுதான் இது.

வேறொருவர் அந்தப் பதிவை மறுபதிவு செய்தால், உங்கள் எழுத்தும் படமும் இன்னொரு முறை சேமிக்கப்படுவதில்லை. 'இன்னார், இந்த எண்ணுள்ள பதிவை, இந்த நேரத்தில் காட்டச் சொன்னார்' என்ற ஒரு வரி மட்டுமே குறித்துக்கொள்ளப்படுகிறது. அவரைப் பின்தொடர்பவர் தன் கைபேசியைத் திறக்கும்போது, வழங்கி அந்த வரியைப் படித்து, எண்ணைப் பார்த்து, உங்கள் மூலப் பதிவைத் தேடி எடுத்து அங்கே வைக்கிறது. ஆயிரம் பேர் மறுபதிவு செய்தாலும் பதிவு ஒன்றுதான், ஜன்னல்கள்தான் ஆயிரம். நீங்கள் மூலத்தை அழித்தால் ஆயிரம் ஜன்னல்களிலும் அது காணாமல் போகும். யாராவது அதை மேற்கோள் காட்டித் தம் கருத்தையும் எழுதியிருந்தால், அவர் கருத்து மட்டும் நிற்கும். கீழே உங்கள் பதிவு இருந்த இடத்தில் 'இந்தப் பதிவு கிடைக்கவில்லை' என்ற பொருளில் ஒரு வெற்றுப் பெட்டி தெரியும்.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 2006இல் ட்விட்டர் வந்தபோது அதில் ரீட்வீட் என்ற பொத்தானே இல்லை. ஒருவர் எழுதியது பிடித்திருந்தால், பயனர்களே அந்த வரிகளை நகலெடுத்து, முன்னால் 'ஆர்டி' என்ற இரண்டு ரோம எழுத்துகளையும் எழுதியவரின் பெயரையும் சேர்த்துத் தம் பதிவாக இட்டார்கள். அதாவது அன்றைய ரீட்வீட் படியெடுத்தல்தான். அன்று ஒரு பதிவுக்கு 140 எழுத்துகளே இடம். குறுஞ்செய்தியின் 160 எழுத்துகளில் 20ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கியதால் வந்த அளவு அது. பெயரைச் சேர்த்ததும் இடம் போதாமல், மூலத்தில் இரண்டு சொற்களை வெட்டுவார்கள்; அடுத்தவர் இன்னும் இரண்டை வெட்டுவார்; மூன்றாவது கையில் 'இல்லை' என்ற சொல் உதிர்ந்து, சொன்னதற்கு நேர்மாறான பொருளோடு பதிவு ஊர்வலம் போகவும் வாய்ப்பிருந்தது. 2009 நவம்பரில் நிறுவனமே பொத்தானைக் கொண்டுவந்தபோதுதான் படியெடுத்தல் காட்டுதலாக மாறியது. வெட்டும் திரிபும் அதோடு குறைந்தன.

ஆனால் இன்னொன்று தொடங்கியது. கையால் நகலெடுத்த காலத்தில், பகிர்வதற்குக் குறைந்தது அந்தப் பதிவை ஒரு முறை வாசிக்கும் நேரமாவது செலவானது. பொத்தான் வந்தபின் அதுவும் வேண்டியதில்லை. அந்தப் பொத்தானை உருவாக்கிய குழுவை வழிநடத்திய கிறிஸ் வெதரல் 2019இல் அளித்த நேர்காணல் ஒன்றில் அதற்காக வருந்திப் பேசினார். 2020இல் ட்விட்டர் நிறுவனம், கட்டுரையைத் திறக்காமலேயே அதன் இணைப்பைப் பகிர முயன்றவர்களிடம், 'முதலில் படிக்கிறீர்களா?' என்று கேட்கும் ஓர் அறிவிப்பைச் சேர்த்துப் பார்த்தது. அதைக் கண்டதும் எரிச்சலடைந்தவர்களில் நானும் ஒருவன். நான் படிக்காமல் பகிரவிருந்தேன் என்பதே அந்த எரிச்சலுக்குக் காரணம்.

இதுவரை பார்த்ததைச் சொல்வதென்றால்: மறுபதிவில் மூலம் எழுதியவர் கையிலேயே இருக்கிறது. அவர் அழித்தால் எல்லா இடத்திலும் மறையும். திருத்த அனுமதிக்கும் தளமாக இருந்தால், திருத்தமும் பெரும்பாலும் மற்ற இடங்களில் தெரியும்.

ஃபார்வர்டு ஏன் திரும்பி வருவதில்லை

வாட்ஸ்அப்பின் அமைப்பு வேறு. அங்கே எல்லோரும் வந்து பார்க்கும்படி மூலப் பதிவு என்று எதுவும் ஓரிடத்தில் வைக்கப்படுவதில்லை. 2016 முதல் அதில் எல்லாச் செய்திகளும் இருமுனைக் குறியாக்கத்தில் செல்கின்றன. அனுப்புபவரின் கைபேசி செய்தியைப் பூட்டி அனுப்புகிறது, பெறுபவரின் கைபேசி மட்டுமே திறக்க முடியும், நடுவில் இருக்கும் நிறுவனத்தின் வழங்கி பூட்டிய பெட்டியைக் கைமாற்றிவிடும் அஞ்சல்காரரைப் போன்றது என்பதே இதன் பொருள். ஆகவே ஒவ்வொருவர் கைபேசியிலும் இருப்பது தனித்தனிப் படி. 256 பேர் உள்ள குழுவில் நீங்கள் ஒரு செய்தி இட்டால், 255 ஜெராக்ஸ் பிரதிகள் 255 வீடுகளுக்குப் போய்விட்டன.

'அனைவருக்கும் அழி' என்ற வசதி என்ன செய்கிறது? நீங்கள் நேரடியாகப் படி கொடுத்தவர்களின் கைபேசிகளுக்கு, 'நான் கொடுத்த அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்' என்று ஒரு வேண்டுகோள் அனுப்புகிறது. இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான கெடுவுக்குள் அனுப்பினால் அந்தக் கைபேசிகள் கிழித்துவிடும். ஆனால் அதற்குள் அவர்களில் ஒருவர் தம் அலுவலகக் குழுவுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால், அங்கே இருப்பது அவர் அனுப்பிய படி. அது உங்களுடையதன்று, உங்கள் வேண்டுகோள் அங்கே போவதில்லை. என் நண்பர் மூன்று குழுக்களில் அழித்தது உண்மைதான். ஆனால் முதல் அரை மணி நேரத்திலேயே, நல்ல மனத்தோடு, யாரோ அதை நான்காவது குழுவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தச் செய்தியில் தேதியும் இல்லை. 'அவசரம், இன்றைக்கே தேவை' என்று எழுதியிருந்தார். 'இன்று' என்ற சொல்லுக்கு வாசிப்பவரின் இன்றுதான் பொருள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

செய்தியின் மேல் 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற சிறு குறிப்பையும் அம்பையும் பார்த்திருப்பீர்கள். 2018 ஜூலையில் அந்தக் குறிப்பு வந்தது. வதந்திகளை நம்பிய கூட்டங்கள் அப்பாவிகளை அடித்துக் கொன்ற நிகழ்வுகள் இந்தியாவில் தொடர்ந்த நேரம் அது. அதே மாதத்தில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வரம்பு வந்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்குமானது. பல கை மாறிய செய்திகளுக்கு இரட்டை அம்பு இடப்படுகிறது. 2020 ஏப்ரல் முதல், இரட்டை அம்புச் செய்தியை ஒரு முறைக்கு ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும். அந்த மாற்றத்துக்குப் பின் இவ்வகைச் செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது.

பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே அது எத்தனை கை மாறியது என்பதை எப்படி எண்ண முடிகிறது என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. சிலர் இதை வைத்தே, 'அவர்கள் எல்லாவற்றையும் படிக்கிறார்கள்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எண்ணிக்கை பெட்டிக்கு உள்ளேயே, செய்தியோடு ஒட்டிய ஒரு சிறு சீட்டாகப் பயணம் செய்கிறது. ஃபார்வர்டு செய்யும் கைபேசி அந்தச் சீட்டில் ஒன்றைக் கூட்டி, மறுபடியும் பூட்டி அனுப்புகிறது. எண்ணுவது நடுவில் இருக்கும் நிறுவனமல்ல, ஓரத்தில் இருக்கும் கைபேசி. இதனாலேயே இந்தத் தடுப்பில் ஓர் ஓட்டையும் உண்டு: எழுத்துகளைத் தேர்ந்து நகலெடுத்துப் புதிய செய்தியாக ஒட்டினால் சீட்டு வராது. நூறு கை மாறிய வதந்தி, அம்புக்குறியே இல்லாமல், உங்கள் சித்தப்பா தாமே உட்கார்ந்து எழுதியது போன்ற களையோடு குடும்பக் குழுவில் வந்து இறங்கும்.

ஆக, ஃபார்வர்டு என்பது படி. படிக்கு மூலத்தோடு உறவு அறுந்துவிட்டது; அது எங்கே இருக்கிறது என்று எழுதியவருக்கும் தெரியாது, நிறுவனத்துக்கும் தெரியாது.

முகவரியோடு ஒட்டிவரும் படம்

சுட்டுதல்தான் மூன்றிலும் எளிமையானது என்று தோன்றும். முகவரியை மட்டும்தானே அனுப்புகிறோம்? அப்படித்தான் இருந்தது, முன்னோட்டம் வரும்வரை. ஒரு செய்தித்தாளின் இணைப்பை ஒட்டியவுடன் கீழே ஒரு பெட்டியில் படமும் தலைப்பும் இரண்டு வரிச் சுருக்கமும் தோன்றுகின்றனவே, அதுதான் முன்னோட்டம்.

அந்தப் படத்தையும் தலைப்பையும் தளம் தானாக ஊகிப்பதில்லை. பெரும்பாலான இணையப் பக்கங்களின் உள்ளே, வாசகர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 'என்னைப் பகிர்ந்தால் இந்தத் தலைப்பைப் போடு, இந்தப் படத்தைப் போடு' என்று சில வரிகள் எழுதப்பட்டிருக்கும். ஓப்பன் கிராஃப் என்ற பெயரில் ஃபேஸ்புக் 2010இல் அறிமுகப்படுத்திய முறை இது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் இதையே வாசிக்கின்றன. பக்கத்தின் உள்ளே ஒரு தலைப்பும் முன்னோட்டத்துக்கு வேறொரு தலைப்பும் எழுத முடியும் என்பதைக் கவனியுங்கள். 'அதிர்ச்சியில் ரசிகர்கள்' என்று பெட்டியில் பார்த்துவிட்டு உள்ளே போனால் அதிர்ச்சியும் இல்லை, ரசிகர்களும் இல்லை என்ற அனுபவத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

முன்னோட்டம் ஒரு முறை எடுக்கப்பட்டுச் சேமித்து வைக்கப்படுகிறது. ஃபேஸ்புக் போன்ற தளங்களில் அவர்களுடைய வழங்கி அந்தப் பக்கத்துக்குப் போய் எடுத்துவருகிறது. வாட்ஸ்அப்பிலோ, அனுப்புபவரின் கைபேசியே எடுத்து, செய்தியோடு சேர்த்து அனுப்பிவிடுகிறது. அந்த நொடியில் அந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துபோன ஒரு சிறு புகைப்படம் என்று கொள்ளலாம். செய்தித்தாள் பிறகு தவறை உணர்ந்து தலைப்பை மாற்றினால், இணைப்பைத் தட்டி உள்ளே போகிறவருக்குப் புதிய தலைப்பு தெரியும்; பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறவருக்குப் பழையதே நிற்கும். அத்தை வீட்டுக்கு வழி எழுதிக் கொடுத்த சீட்டின் ஓரத்திலேயே, 'ஒரு கரண்டிப் பெருங்காயம்' என்றும் கிறுக்கி வைத்தது போல. பெரும்பாலோர் சீட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

நண்பர் என்பவர் யார்

'நண்பர்களுடன் பகிர்' என்ற பொத்தானில் வரும் நண்பர் என்ற சொல்லும் தளத்துக்குத் தளம் மாறுகிறது. ஃபேஸ்புக்கில் நட்பு இருவழிப்பட்டது. ஒருவர் கேட்க, மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ட்விட்டர் போன்ற குறும்பதிவுத் தளங்களில், அதாவது சில வரிகளே கொண்ட பதிவுகளை இடும் தளங்களில், பின்தொடர்தல் ஒருவழிப்பட்டது. ஒரு நடிகரைப் பத்து லட்சம் பேர் பின்தொடர அவர் அனுமதி தேவையில்லை. அவர் அவர்களில் ஒருவரையும் அறிந்திருக்க வேண்டியதுமில்லை. ஆகவே குறும்பதிவுத் தளத்தில் நாம் இருநூறு பேருக்குச் சொல்வதாக நினைத்து எழுதுவது, கணக்கைப் பூட்டி வைக்காதவரை, திண்ணையில் பேசுவதன்று. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுவது. அந்த நேரத்தில் அங்கே இருநூறு பேர்தான் நின்றிருந்தார்கள், அவ்வளவுதான்.

'நண்பர்கள் மட்டும்' என்று அடைத்து வைத்த பதிவை நண்பர் ஒருவர் பகிர்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஃபேஸ்புக்கில் அப்படி நடப்பதில்லை. உங்கள் தோழி உங்கள் பதிவைப் பகிர்ந்தாலும், முதலில் நீங்கள் யாருக்கு அனுமதி கொடுத்தீர்களோ அவர்களைத் தாண்டி அது போகாது. ஜன்னல் தோழியுடையதாயினும் திரை உங்கள் கையில். எக்ஸ் தளத்தில் பூட்டிய கணக்கின் பதிவைப் பின்தொடர்பவர்கள் மறுபதிவு செய்யவே முடியாது. காட்டுதலுக்கு இந்தக் காவல் எல்லாம் செல்லும். ஆனால் அதே தோழி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது படியெடுத்தல். எந்தத் திரையும் அதைத் தடுப்பதில்லை. யார் எடுத்தார்கள் என்ற தகவலும் உங்களுக்கு வராது.

இதற்கு நேர் எதிரான மயக்கமும் உண்டு: 'நான் போட்டேன், ஆகவே என் நண்பர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.' ஃபேஸ்புக்கின் முகப்பு ஓடை, அதாவது திறந்ததும் வரிசையாக ஓடிவரும் பதிவுகள், 2006இலிருந்தே தேர்ந்தெடுத்துக் காட்டும் ஓடைதான். 2016இல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் நேர வரிசைக்குப் பதிலாக, ஒருவருக்கு எது பிடிக்கும் என்று கணித்து அடுக்கும் வரிசைக்கு முதலிடம் கொடுத்தன. உங்கள் மகளின் திருமண அறிவிப்பு உங்கள் பெரியப்பாவின் ஓடையில் நாற்பது சமையல் காணொளிகளுக்குக் கீழே புதைந்திருக்கலாம். 'ஃபேஸ்புக்ல போட்டேனே, பாக்கலையா?' என்று கேட்பதற்குமுன் இதை நினைத்துக்கொள்வது உறவுக்கு நல்லது.

ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு

மேலே சொன்ன காட்டுதல் ஒரே தளத்துக்குள் மட்டுமே நடக்கும். இன்ஸ்டாகிராமில் உள்ள படத்தை எக்ஸ் தளத்தில் மறுபதிவு செய்யும் பொத்தான் எதுவும் இல்லை. ஒரு தளத்தின் எண்ணை இன்னொரு தளத்தின் வழங்கி அறியாது. ஆகவே எல்லை தாண்டும்போது மிஞ்சுவது சுட்டுதலும் படியெடுத்தலும்தான்.

சுட்டுதலையும் தளங்கள் விரும்புவதில்லை. வாசகர் வெளியே போய்விடுகிறார் அல்லவா. 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம், தன் படங்கள் ட்விட்டரில் முழுதாகத் தெரியாதபடி முன்னோட்டத்தை நிறுத்தியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் ஃபேஸ்புக் அதை வாங்கியிருந்தது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள், 2021 நவம்பர் வரை, வெறும் முகவரிதான் தெரிந்தது. 2018 ஆகஸ்டில் ஃபேஸ்புக், பிற செயலிகள் ஒருவருடைய சுயவிவரப் பக்கத்தில் தாமாகப் பதிவிடும் வசதியை மூடியது. ட்விட்டரில் எழுதினால் ஃபேஸ்புக்கிலும் தானாக வந்துகொண்டிருந்த பலருடைய ஏற்பாடு ஒரே நாளில் நின்றது. இரண்டு மளிகைக் கடைக்காரர்களின் போட்டியில், வாடிக்கையாளரின் பையைப் பிடித்து இழுப்பது போன்ற கதை.

இன்று ஒரே பதிவை நான்கு தளங்களில் ஒரே நேரத்தில் இடும் செயலிகள் இருக்கின்றன. அவை செய்வது நான்கு முறை படியெடுத்தல் என்பதை மறக்க வேண்டாம். நான்கு இடங்களிலும் தனித்தனி எண், தனித்தனி மறுமொழிகள். ஓரிடத்தில் பிழை திருத்தினால் மற்ற மூன்றிலும் பிழை நிற்கும்.

வேறொரு வழியும் இருக்கிறது. மின்னஞ்சலை நினைத்துப் பாருங்கள். உங்கள் முகவரி ஒரு நிறுவனத்திலும் என் முகவரி வேறொரு நிறுவனத்திலும் இருந்தாலும் அஞ்சல் போய்ச் சேர்கிறது. ஏனென்றால் எல்லோரும் ஒரே அஞ்சல் விதிகளை ஏற்றிருக்கிறார்கள். சமூக ஊடகத்துக்கும் அப்படியொரு பொதுவிதி உண்டு. அதன் பெயர் ஆக்டிவிட்டிபப். வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைப் பரிந்துரையாக வெளியிட்டது. 2016இல் தொடங்கிய மாஸ்டடான் என்ற குறும்பதிவுத் தளம் இன்று அந்த விதிப்படி இயங்குகிறது. அது ஒரே நிறுவனத்தின் தளமன்று, ஆளாளுக்கு நடத்தும் ஆயிரக்கணக்கான வழங்கிகளின் கூட்டு. 2023 ஜூலையில் வந்த, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் நடத்தும் குறும்பதிவுத் தளமான திரெட்ஸும் பின்னர் இந்த விதிக்குத் தன் கதவை ஓரளவு திறந்தது. இங்கே ஒரு வழங்கியில் உள்ளவரின் பதிவை வேறு வழங்கியில் உள்ளவர் காட்ட முடியும். ஆனால் காட்டுவதற்காக அந்த வழங்கி ஒரு படியைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்கிறது. நீங்கள் அழித்தால், 'நீங்களும் அழியுங்கள்' என்ற செய்தி எல்லா வழங்கிகளுக்கும் போகும். ஒழுங்கான வழங்கி கேட்கும்; கேட்காததைக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை. காட்டுதலுக்கும் படியெடுத்தலுக்கும் நடுவில் நிற்கும் ஏற்பாடு இது.

தமிழில் பகிர்பவருக்கு மட்டும் உரிய சில்லறைத் தொல்லைகள்

எக்ஸ் தளத்தில் இப்போது 280 எழுத்துகள் இடம். ஆனால் அது எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தையன்று, யூனிகோடு குறிகளை. கணினி உலகின் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கும் பொதுப்பட்டியல்தான் யூனிகோடு. அதில் 'தமிழ்' என்ற சொல் மூன்று எழுத்தன்று. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். 'கொக்கு' ஆறு. பள்ளிக்கூடக் கணக்கில் எழுதிக்கொண்டே போனால் பாதியிலேயே இடம் தீர்ந்துவிடுவதன் காரணம் இதுதான். ப்ளூஸ்கை என்ற இன்னொரு குறும்பதிவுத் தளம் 300 என்று வரம்பு வைத்து, கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தாகவே எண்ணுகிறது. அங்கே 'தமிழ்' மூன்றுதான்.

தமிழில் முகவரி கொண்ட பக்கங்களைப் பகிரும்போது இன்னொரு வேடிக்கை. தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள ஒரு கட்டுரையின் இணைப்பை நகலெடுத்து ஒட்டினால், அழகான தமிழ்ப் பெயருக்குப் பதிலாக விழுக்காட்டுக் குறிகளும் ரோம எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட வால் வந்து விழும். முகவரிகள் பழைய ரோம எழுத்து விதிப்படியே பயணம் செய்வதால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரிகிறது. 'தமிழ்' என்ற ஒரு சொல் நாற்பத்தைந்து குறிகளாகிறது. எக்ஸ் எந்த இணைப்பையும் 23 எழுத்தாகவே கணக்கிடுவதால் அங்கே இடம் வீணாகாது. ஆனால் வாட்ஸ்அப்பில் இதைப் பார்த்த என் சித்தி, "வைரஸ் லிங்க் எதுவும் அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்.

உண்மையில் வெட்டி எறிய வேண்டிய வால் வேறு. ஃபேஸ்புக்கிலிருந்தோ இன்ஸ்டாகிராமிலிருந்தோ நகலெடுத்த இணைப்பில், கேள்விக்குறிக்குப் பின்னால் பொருளற்ற எழுத்துகள் வரிசையாக வருவதுண்டு. அந்த இணைப்பு எந்த வழியாகக் கைமாறியது என்று பின்தொடர்வதற்கான அடையாளம் அது. பெரும்பாலும் கேள்விக்குறியிலிருந்து அழித்துவிட்டு அனுப்பினாலும் பக்கம் திறக்கும். யூடியூப் காணொளியின் முழு முகவரியில் மட்டும் கேள்விக்குறிக்குப் பின்தான் காணொளியின் எண்ணே இருக்கிறது; அங்கே கத்தரியைக் கவனமாக வைக்க வேண்டும்.

மறுபடியும் ஓ நெகட்டிவ்

போன ஆண்டு என் நண்பரின் அக்கா மகளுக்குப் பிரசவ நேரத்தில் அதே வகை இரத்தம் தேவைப்பட்டது. இம்முறை அவர் எச்சரிக்கையாக இருந்தார். ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி ஒரே ஒரு பதிவு இட்டார். முதல் வரியில் தேதியும் நேரமும் எழுதினார். வாட்ஸ்அப் குழுக்களில் விவரம் எதையும் எழுதாமல் அந்தப் பதிவின் முகவரியை மட்டும் அனுப்பினார். மறுநாள் காலை இரத்தம் கிடைத்ததும், பதிவைத் திறந்து முதல் வரியை, 'தேவை நிறைவேறியது, அழைக்க வேண்டாம்' என்று மாற்றி, தொலைபேசி எண்ணையும் நீக்கினார். அந்த முகவரி எத்தனை குழுக்களுக்குப் போயிருந்தாலும், தட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் புதிய வரியையே பார்த்தார்கள்.

மூன்று வாரம் கழித்து இரண்டு அழைப்புகள் வந்தன. தாமே அனுப்பிய செய்தியைத் தேடி எடுத்து என்னிடம் காட்டினார். முகவரிக்கு மேலே முன்னோட்டப் பெட்டி இருந்தது. அதற்குள், அவர் கைபேசி அன்றைக்கு எடுத்து உறைய வைத்தபடியே, 'ஓ நெகட்டிவ் அவசரம்' என்ற வரியும் பத்து இலக்க எண்ணும் இருந்தன.

"இந்தப் பெட்டியை வராம பண்ண முடியாதா?" என்று கேட்டார். முடியும். முகவரியை ஒட்டியபின், அனுப்புவதற்கு முன், பெட்டியின் மூலையில் வரும் பெருக்கல் குறியைத் தட்டினால் முகவரி மட்டும் போகும். அதை அவர் கைபேசியிலேயே இரண்டு முறை செய்து காட்டினேன்.